பின்னறைத் தூசி

மருத்துவர் அவளுடைய முன்னங்கையில் பேனாவால் கோடுகள் இட்டு, அவற்றினிடையே ஒவ்வாமையைச் சோதிக்கும் மருந்தை ஒவ்வொரு துளியாக விட்டு, ஒவ்வொரு துளியின்மேலும் ஊசிமுனையால் மெல்லக் கீறியிருந்தார். வெளியே சிறிது நேரம் காத்திருந்துவிட்டு மீண்டும் உள்ளே வந்து அவள் கையை நீட்டியபோது, மற்ற இடங்களெல்லாம் வெறும் தோலாகவே இருக்க, ஓரிடம் மட்டும் காசளவு தடித்துச் சிவந்து நின்றது. பூனை முடி, பூந்தாது, பஞ்சுத் தூசி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்த மருத்துவரின் விரல் அந்தத் தடிப்பின் அருகில் வந்ததும் நின்றது.

"கரப்பான் பூச்சிம்மா. வீட்ல நிறைய இருக்கா?"

"வீடுன்னா ஒன்னு ரெண்டு இருக்கத்தானே செய்யும், டாக்டர்."

"ஒன்னு ரெண்டுக்கெல்லாம் இப்படி வீங்காது. அதோட எச்சம் பொடியாகி மூச்சுல போயிருக்கு. மருந்தடிச்சு மொத்தமா ஒழிச்சுடுங்க. வாயில வச்சு இழுக்கற இந்தப் பம்ப் அப்போதைக்குத் தாங்கும். ஆனா அதுங்க வீட்ல இருக்கற வரைக்கும் நோய் விடாது. ஒரு நாள் பம்புக்கும் அடங்காம போயிடும், பாத்துக்குங்க."

அவள் தலையை ஆட்டினாள். திரும்பும் வழியில், பேருந்தின் சன்னலோரம் அமர்ந்திருக்கையில், 'ஒன்று இரண்டு' என்று தான் சொன்னதை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும் என்று முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டாள். அவர்கள் வீட்டுப் பின்னறையில் இருந்த கரப்பான்களை எண்ணுவதென்றால் எண்ணுகிறவர்களுக்கு ஆயுள் போதாது. அவை தாமாக வந்து புகுந்தவையும் அல்ல. சோறு போடாத குறையாக அவளுடைய கணவர் வளர்த்தவை.

பின்னறையில் மூடியில் வலை பதித்த பிளாஸ்டிக் பெட்டிகள் தரையிலிருந்து மார்பளவு உயரம்வரை இரும்புத் தட்டுகளில் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றனுள்ளும் முட்டை அட்டைகள் புத்தகங்களைப்போல நிமிர்த்து வைக்கப்பட்டிருக்கும். அந்த இருட்டுக் குழிகளில் அவை ஒன்றன்மேலொன்றாக ஒட்டிக் கிடக்கும். சமையற்கட்டில் ஓடித் திரிகிற வகை அன்று இது. வழவழப்பான சுவரில் ஏறத் தெரியாத, தட்டையான, மந்தமான வேற்றுநாட்டு வகை. முட்டையிட்டுவிட்டுப் போகாமல் குஞ்சுகளாகவே ஈன்றுவிடும். வெளிநாட்டுப் பல்லிகளையும் ஓணான்களையும் ஆசைக்கு வளர்ப்பவர்கள் அவற்றுக்கு இரையாக இவற்றை வாங்கிப் போவார்கள். பெட்டிகளின் அடியில் மின்சாரத்தால் சூடேறும் விரிப்பு இரவும் பகலும் காய்ந்துகொண்டிருக்க, சூடு போய்விடக் கூடாதென்று சன்னல் ஆண்டு முழுவதும் சாத்தியே இருந்தது. கதவைத் திறந்தால் ஈர அட்டையும் பழைய எண்ணெயும் கலந்தாற்போன்ற ஒரு வாடை முகத்தில் வந்து மோதும். அவர் அதற்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார்.

வண்டியைத் தொட்டு ஆண்டுகள் ஆகியும் தெருவில் அவரை இன்னமும் டிரைவர் என்றே அழைத்தார்கள். நகரப் பேருந்து ஓட்டியவர். ஒரு மழைக்காலக் காலையில், வளைவில், குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி குறுக்கே இறங்கி, அடிபட்டு இறந்துபோனார். ஓட்டியவர்மீது தவறில்லை என்று விசாரணையும் சொன்னது, பேருந்துக்குள் இருந்தவர்களும் சொன்னார்கள். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பிறகு வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், மாதக் கணக்கில் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் துணிகளுக்கு ஓரம் தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டினாள். ஒருநாள் தலையணை உறையை மாற்றும்போது, உறங்குவதற்கென்று மருத்துவர் கொடுத்திருந்த மாத்திரைகள் ஒன்றுகூட விழுங்கப்படாமல், ஒரு கைக்குட்டையில் முடிந்து வைக்கப்பட்டிருந்ததைக் கண்டாள். அவற்றைக் கொண்டுபோய்க் கழிவறையில் கொட்டித் தண்ணீர் விட்டாள். அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் அன்றுமுதல் அவள் தையல் இயந்திரத்தை அவர் கட்டிலுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அவரோடு ஒரே பேருந்தில் பணியாற்றிய கண்டக்டர், ஓய்வுக்குப் பின் வளர்ப்புப் பிராணிகளுக்கான கடை ஒன்றைத் திறந்திருந்தான். அவன் கடையில் மின்சாரம் போனபோது, இரண்டு நாள் சூட்டில் வைத்துத் தரும்படி ஒரு பெட்டிப் பூச்சியைக் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போனான். மறுநாள் அவள் மளிகைக் கடைக்குப் போய்த் திரும்பியபோது, டிரைவர் தரையில் குந்தியிருந்தார். மல்லாந்து கிடந்து கால்களை உதைத்துக்கொண்டிருந்த ஒரு பூச்சியை ஒற்றை விரலால் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தார். "பசிக்குது போல இதுங்களுக்கு. கேரட் இருக்கா?" என்று கேட்டார். அத்தனை மாதங்களில் அவர் தாமாகப் பேசிய முதற்பேச்சு அது.

அந்தப் பெட்டிதான் பெருகி ஓர் அறையாயிற்று. வாரந்தோறும் கண்டக்டர் தன் சிறு வேனில் வந்து வேண்டிய அளவு வாரிக்கொண்டு போவான். வாரும்போது, "உள்ள தள்ளி நில்லுங்க, படியில தொங்காதீங்க" என்று பூச்சிகளை அதட்டுவான். "பாருங்க அண்ணி, உலகமே செருப்பால அடிக்கற ஜென்மத்துக்கு எங்கண்ணன் ஹீட்டர் போட்டு ஆரஞ்சு உரிச்சு ஊட்டறாரு. எனக்கு ஒரு டீ வாங்கித் தந்திருப்பாரா இத்தனை வருஷத்துல?" டிரைவர் வாய்விட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே அவள் கண்டக்டர் வரும் நாளை எதிர்பார்த்திருப்பாள்.

ஆதலால் அன்று அவள் வீட்டுக்கு வந்தபோது, என்ன சொல்வதென்று தெருமுனையிலேயே முடிவு செய்துவிட்டிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?" என்று வாசலிலேயே கேட்டார் டிரைவர்.

"தூசி ஆகலையாம்."

"அவ்வளவுதானா? நான் என்னமோன்னு பயந்துட்டேன்." வண்டி எடுக்குமுன் நாற்புறமும் சுற்றிப் பார்ப்பதைப்போல வீட்டை ஒருமுறை பார்த்தார். "தூசிதானே. நீ துடைப்பத்தையே தொடக் கூடாது. எல்லாம் நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்டார். திரைச்சீலைகளைத் தோய்த்தார், தரையை ஈரத்துணியால் துடைத்தார். ஆனால், வீட்டின் குப்பையெல்லாம் பின்னறையில்தானே இருக்கிறது? பெட்டிகளின் அடியில் காய்ந்த தேயிலைத்தூள்போல எச்சம் திரண்டு கிடக்கும். எப்போதாவது ஒருமுறை அதைச் சல்லடையில் இட்டுச் சலித்துக் குஞ்சுகளைப் பிரித்தெடுத்துவிட்டுத் தூளைக் கொட்டுவது வழக்கம். இப்போது அதை நாள்தோறும் செய்யத் தொடங்கினார். முட்டை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டினார். சன்னலைத் திறந்தால் குஞ்சுகளுக்குக் குளிரும். ஆகவே சன்னலைச் சாத்தியே வைத்துக்கொண்டு தட்டினார். நடுவறையில் தையல் இயந்திரத்தின்முன் உட்கார்ந்திருந்த அவளுக்குச் சல்லடையின் ஓசை கேட்கும். அதற்குச் சற்றுப் பின்னால், கதவிடுக்கு வழியாக, கண்ணுக்குத் தெரியாத அது வரும். தொண்டையில் ஒரு நூல் இறுகுவதுபோல் தொடங்கும். அவள் எழுந்து குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்த ஓசையின் மறைவில் பம்பை வாயில் வைத்து அழுத்திக்கொள்வாள். அவர் சலித்து முடித்து, வேர்வையும் சாம்பல்நிறப் பொடியுமாக வெளியே வந்து, "இப்ப எப்படி இருக்கு? ஒரு பொட்டுத் தூசி இல்ல பாத்தியா?" என்பார். "பரவாயில்லைங்க" என்பாள் அவள்.

ஒரே ஒருமுறை சொல்ல முயன்றாள்.

"கொஞ்ச நாளைக்கு இதுங்களைத் தம்பி கடையிலேயே வச்சிருக்கச் சொன்னா என்னங்க?"

"அவன்கிட்டயா? சூடும் பாக்க மாட்டான், தண்ணியும் பாக்க மாட்டான். பேச்சுக் குடுத்தே கொன்னுடுவான்." ஆரஞ்சுச் சுளையை நறுக்கிக்கொண்டே சிரித்தார். "அப்புறம் காலையில எந்திரிச்சு நான் என்ன பண்றதாம்?"

விளையாட்டாகத்தான் சொன்னார். அவளுக்கு அந்தக் கைக்குட்டை முடிச்சு கண்ணெதிரே வந்து நின்றது.

கண்டக்டர் வரவேண்டிய நாளன்று பிற்பகலில், அவர் எல்லாப் பெட்டிகளையும் ஒருசேர வெறுமையாக்கி அட்டைகளை உதறிக்கொண்டிருந்தார். துணியில் ஊசியை இறக்கியவள், அதை மேலே எடுக்கவில்லை. குளியலறைவரை போக முடிந்தது; பம்பையும் அழுத்த முடிந்தது. மருந்து உள்ளே போகவில்லை. வாசலில் வேன் வந்து நின்று, "டிக்கெட் டிக்கெட்" என்று கத்திக்கொண்டே உள்ளே நுழைந்த கண்டக்டர்தான், குளியலறைக் கதவடியில் நீலம் பாரித்த உதடுகளோடு கிடந்தவளைக் கண்டு அலறினான். வேனில் போகும்போது டிரைவர் அவளைத் தம் மார்போடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டு, "மூச்சை இழு, மூச்சை இழும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் அவர் பிடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவே முயன்றாள். அது ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

முகமூடி வழியாகக் காற்று உள்ளே இறங்கத் தொடங்கி, சுவரும் கட்டிலும் அதனதன் இடத்துக்கு வந்தபோது, அதே மருத்துவர் கால்மாட்டில் நின்றிருந்தார்.

"நீங்கதான் வீட்டுக்காரரா? அன்னைக்கே இவங்ககிட்டச் சொன்னேனே, கரப்பானை ஒழிங்கன்னு. மருந்தடிச்சீங்களா இல்லையா?"

டிரைவர் மருத்துவரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவள் கண்களை மூடிக்கொண்டாள். மூடிய பிறகும், கட்டில் விளிம்பில் தன் கைமேல் இருந்த அவருடைய கை மெல்ல விலகுவதை உணர்ந்தாள். கண்ணைத் திறந்தபோது அவர் தம் சட்டைக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மடிப்புகளிலெல்லாம் சாம்பல்நிறப் பொடி. அந்தச் சட்டையோடுதான் வழிநெடுக அவளை அணைத்து வந்திருந்தார். ஓரடி பின்னால் வைத்தார், மேலும் ஓரடி. கதவுவரை அப்படியே பின்னோக்கிப் போய், பிறகுதான் திரும்பினார்.

மறுநாள் கண்டக்டர் மட்டும் வந்தான். அவன் வாயில் வேடிக்கைப் பேச்சு எதுவும் இல்லை.

"எல்லாத்தையும் வெந்நீர் ஊத்திக் கொன்னுட்டாரு அண்ணி. ஒவ்வொரு பெட்டியா. குளிக்கிற ரூம்ல வச்சு. நான் எடுத்துட்டுப் போறேன்னு கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன். 'உன் கடையில இருந்தா பாக்க வருவேன், வந்துட்டு அதே கையோட அவகிட்டப் போவேன்'ங்கறாரு. காலையில ஆரம்பிச்சவரு, நான் வரும்போதும் தண்ணி காய வச்சுக்கிட்டு இருந்தாரு."

அவள் வீடு திரும்பியபோது பின்னறையின் சன்னல் திறந்து கிடந்தது. கழுவிவிட்ட தரை வெளுத்துக் கிடந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த வீட்டில் அடிவயிறுவரை மூச்சு போய் வந்தது. படியேறினால் இளைக்கவில்லை, உறக்கத்தில் இருமவில்லை. டிரைவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

முதலில் அலுப்பு என்று நினைத்தாள். பிறகு அப்படி நினைக்க முடியாமற் போயிற்று. சோறு தட்டிலேயே காய்ந்தது. தாடி வளர்ந்தது. "எழுந்திருங்க, எனக்கு நல்லாத்தான் இருக்கு, பாருங்க, மூச்சு எப்படிப் போகுதுன்னு" என்று அவர் காதருகே மூச்சை இழுத்து விட்டுக்கூடக் காட்டினாள். "நல்லது" என்றார், சுவரைப் பார்த்தபடியே. ஒருநாள் அவர் கழிவறைக்குப் போன நேரத்தில் தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். அங்கே மறுபடியும் மாத்திரைகள் முடிந்த ஒரு கைக்குட்டை இருந்தது. அவருடைய பழைய மருந்துச் சீட்டு இன்னும் கடையில் செல்லுபடியாகிறது என்பது அவளுக்குத் தெரியாமற் போயிருந்தது. எல்லாவற்றையும் கொட்டித் தண்ணீர் விட்டுவிட்டு, புடைவையை மாற்றிக்கொண்டு, அவள் நேரே கண்டக்டரின் கடைக்குப் போனாள்.

"அவர் வளத்ததுல ஏதாவது மிச்சம் இருக்கா, தம்பி?"

கண்டக்டர் கல்லாவை விட்டு எழுந்தே விட்டான். "ஒரு சின்ன டப்பா இருக்கு. போன தடவை எடுத்துட்டு வந்தது. ஆனா வேணாம் அண்ணி. அண்ணன் என்னைக் கொன்னே போட்டுடுவாரு."

"கொல்றதுக்காவது எழுந்திருக்கட்டுமே."

"உங்க மூச்சு?"

"அது என் மூச்சுதானே. எவ்வளவு செலவு பண்ணலாம்னு எனக்குத் தெரியாதா? குடுங்க."

பேருந்தில் டப்பாவை மடியில் வைத்து, மேலே முந்தானையைப் போர்த்திக்கொண்டாள். குளிர்காற்று படாமலிருக்கத்தான் அப்படிச் செய்கிறோம் என்பது பாதி வழியில்தான் அவளுக்கே புரிந்தது.

வீட்டில் அவர் அதே நிலையில் இருந்தார். அவள் மூக்கையும் வாயையும் ஒரு துணியால் இறுகக் கட்டிக்கொண்டாள். கட்டிலைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்தி, அந்த இடுக்கில் முக்காலியைச் செருகி, அவர் முகத்துக்கு நேரே டப்பாவை வைத்து மூடியைத் திறந்தாள். அவர் கண்கள் திறந்தேயிருந்தன. உள்ளே, அட்டைத் துண்டின் விளிம்பில், ஒன்று அப்போதுதான் தோலுரித்து வெளியே வந்திருந்தது. பாலைப்போல் வெள்ளை வெளேரென்று, ஓடு இறுகாமல், பக்கத்தில் கிடந்த தன் வெற்றுத் தோலைவிட மென்மையானதாக, நகரவும் முடியாமல் நின்றது. மற்றவை அதன்மேல் உணர்கொம்புகளை நீட்டித் தடவிக்கொண்டிருந்தன.

"எடுத்துட்டுப் போ" என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. "உன்னைக் கொன்னுடும்."

அவள் போகவில்லை. துணிக்குள் அவளுடைய தொண்டையில் அந்த நூல் இறுகத் தொடங்கிவிட்டிருந்தது. இருமினால் எல்லாம் போய்விடும். முக்காலிக்கு அருகே, கட்டில் விளிம்பிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த அவருடைய கை அசைந்தது. அது அவளை விலக்கவும் இல்லை, மூடியைத் தேடவும் இல்லை. மெதுவாக ஊர்ந்து டப்பாவின் அடியில் போய்ச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பதைப்போல அங்கேயே தங்கியது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.