வருகைப் பதிவு

கிளியம்மாளின் உடலைக் குளிப்பாட்ட நான்கு பெண்கள் பழைய புடவைகளை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு முனையைப் பிடித்திருந்த நிலாவுக்குக் கை கடுத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தே இரவுகளைக் கழித்திருந்தாள். செத்தது தன் அம்மா என்பது இன்னும் உள்ளே இறங்கவில்லை. புடவை தாழ்ந்துவிடக் கூடாது என்பது மட்டுமே மனதில் இருந்தது.

சித்தி முனியம்மாளிடம் கொடுத்திருந்த போன் அடித்தது.

"யாரோ ராஜசேகராம். அவசரமாம்டி."

ராஜசேகர் அவள் வேலை செய்யும் அமைப்பில் மூத்தவர். உயர்கல்வி விதிகளைத் திருத்தும் குழு இன்று சென்னையில் கூடியிருந்தது. ஷிப்டில் வேலை செய்துகொண்டே கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு வருகைப் பதிவில் தளர்வு வேண்டும் என்று நிலா அங்கே பேசுவதாக இருந்தது. அதற்காக ஒரு வருடம் ஒரகடத்தில் கம்பெனி வாசல்களில் நின்றிருந்தாள்.

"உங்களுக்குப் பதிலா நான் பேசினேம்மா. நேர்ல விசாரிச்சவங்க வரட்டுங்கறாங்க. வீடியோல வந்தா போதுமாம். இந்த நேரத்துல கேக்கவே கூச்சமா இருக்கு. இன்னிக்கு விட்டா அடுத்து எப்பன்னு தெரியாது."

அண்ணன் அன்பு ஈர வேட்டியோடு பக்கத்தில் நின்றிருந்தான். இரண்டாம் வருடத்தில் வருகை குறைவென்று அவனைப் பரீட்சை எழுத விடவில்லை. அதற்குப் பிறகு அவன் கல்லூரிப் பக்கமே போகவில்லை. கார் கம்பெனி அசெம்பிளி லைன் வேலையோடு சரி.

"போய்ப் பேசு. நான் பாத்துக்குறேன்," என்றான்.

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே முகம் கழுவிக்கொண்டு பேசத் தொடங்கினாள்.

"ஒழுங்கா வகுப்புக்கு வராதவங்களுக்கு எதுக்குப் பட்டம்?" என்றார் குழுவின் தலைவர்.

"ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறு வாரம் ராத்திரி ஷிப்ட் சார். எந்த வாரம் எதுன்னு அவங்க கையில இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், நைட் முடிச்சு யூனிஃபார்மோடவே கிளாசுக்குப் போனாரு. அவரையும் நிறுத்திட்டாங்க."

முன்வாசலில் மேளம் உச்சத்துக்குப் போனது.

"அங்க என்ன சத்தம்?"

"பக்கத்துல ஒரு சாவு, சார்."

"சரி, மேல சொல்லுங்க."

சொன்னாள். கேள்விகள் வந்தன, எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கடைசியில், "பரிசீலிக்கிறோம்," என்றார்கள்.

முன்வாசலுக்கு வந்தபோது சித்தி தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தூக்கிட்டாங்கடி. நீ வரட்டும்னு அன்பு எவ்ளோ நேரம் மல்லுகட்டினான் தெரியுமா? ராகுகாலம் வந்துடும்னு யாரும் கேக்கல."

நிலா ஓடினாள்.

"பொம்பளைங்க போவக்கூடாதுடி!"

நெடுஞ்சாலை முனையில், புதுக் கார்களை ஏற்றிய டிரெய்லர் ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. அதன் பின்னால் அம்மாவை ஏற்றிய வண்டி. அவளைப் பார்த்ததும் அன்பு குதித்து இறங்கிப் பின்கதவைத் திறந்தான். உள்ளே இருந்தவர்கள் கால்களை ஒதுக்கிக்கொண்டார்கள். அம்மாவின் பாதங்களிலிருந்து விலகியிருந்த புடவையை நிலா இழுத்து மூடினாள். கையை எடுக்கவில்லை.

"பேசிட்டியா?"

"ம்."

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

டிரெய்லர் நகர்ந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. அன்பு ஏறிக்கொண்டான். வண்டி சாலையைக் கடந்து மறைந்தது.

செருப்பில்லாமல் அங்கேயே நின்றாள். கம்பெனி பஸ் ஒன்று அவளருகே வந்து நின்றது.

"செகண்ட் ஷிப்டா? ஏறும்மா, லேட்டாவுது," என்றார் டிரைவர்.

நிலா தலையசைத்து மறுத்தாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் கதவைத் திறந்தே வைத்திருந்தார்.