அண்ணாச்சிக்கு வந்த வெண்கலம்

பனகல் பார்க் பக்கத்தில் நகைக்கடை வைத்திருந்த சுயம்புலிங்கம் அண்ணாச்சிக்குப் பத்மஸ்ரீ என்று பேப்பரில் வந்த அன்றைக்குக் கடையில் ஒரு மூக்குத்தி கூட விற்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தை நீட்டினார்கள், தட்டிலிருந்த கல்கண்டை அள்ளிக்கொண்டார்கள், போய்விட்டார்கள். எழுபத்திரண்டாம் வருஷம் அது. வடபழனியில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தார் என்பதற்காக விருது. கட்டியது நிஜம். சுவருக்குச் சுவர் தன் பெயரைப் பளிங்கில் பதித்ததும் நிஜம். இரண்டாவதற்கு டில்லியில் விருது ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

நாட்டு விருதுகளில் எது பெரிசு, எது சிறிசு என்று முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. தன் தொழில் கணக்கில் போட்டுப் பார்த்ததும் விளங்கிவிட்டது. "பாரத ரத்னான்னா இருபத்துநாலு கேரட்டு, சுத்தத் தங்கம். விபூஷண் இருபத்திரண்டு. பூஷண் பதினெட்டு. நமக்கு வந்திருக்கது பதினாலு," என்று மைத்துனன் கருணாகரனுக்கு விளக்கினார். "பதினாலானாலும் தங்கம் தங்கந்தானல."

கடைப் போர்டில் பெயருக்கு முன்னால் பத்மஸ்ரீ என்று எழுதப் பெயிண்டரை வரவழைத்தார். இது பட்டமில்லை, பெயருக்கு முன்னால் ஒட்டக்கூடாது என்று விஷயம் தெரிந்தவர்கள் தடுத்தார்கள். பின்னால் எழுதினால் என்ன என்று கேட்டார். பின்னாலும் கூடாதாம். அப்படியானால் ஊருக்குக் காட்ட மிச்சமிருந்தது அந்தப் பதக்கம் ஒன்றுதான். அதைச் சட்டையில் குத்திக்கொண்டு கல்லாவில் உட்காரும் நாளுக்காக அண்ணாச்சி காத்துக் கிடந்தார்.

டில்லியில் பெயரைப் படித்தபோது அவருக்குப் பழைய நாள் நினைவு வந்தது. நெல்லைச் சீமையிலிருந்து ரயிலேறி வந்து பாண்டி பஜாரில் பித்தளை மோதிரம் கூவி விற்றவர் அவர். ஜனாதிபதி கையால் பதக்கம் நெஞ்சில் ஏறியதும் கண் கலங்கிவிட்டது. அத்தனை பெரிய மண்டபத்தில் அழக்கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு தன் நாற்காலிக்குத் திரும்பினார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, பெண்டாட்டி பங்கஜத்திடம் கூட.

அதே இரவு ஓட்டல் அறையில் பதக்கத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தார். நகைக்கடைக்காரன் கைக்குப் பொய் சொல்லத் தெரியாது. நடுவில் தாமரை, சுற்றிலும் கோலம் மாதிரி கோடுகள், எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் உலோகம் வெண்கலம்.

ஊருக்கு வந்த மறுநாள் அவர் டிபன் சாப்பிட உள்ளே போன நேரம் பார்த்து, கருணாகரன் பழக்க தோஷத்தில் பதக்கத்தின் ஓரத்தை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டான். "அத்தான், இது வெண்கலம்லா," என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். மயிலாப்பூரிலிருந்து திருமாங்கல்யம் வாங்க வந்திருந்த விஜயலக்ஷ்மி மாமி எட்டிப் பார்த்தாள். "இப்போ இங்க வெண்கலத்துலயும் பண்றேளா?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, பாவம், விசாரிக்கத்தான் கேட்டாள். சத்தம் கேட்டு வெளியே வந்த அண்ணாச்சிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இருபது வருஷம் தங்கம் விற்றவன் நெஞ்சில் வெண்கலத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு எந்த மூஞ்சியோடு கல்லாவில் உட்காருவது?

பங்கஜம் பதக்கத்தைக் காட்டச் சொல்லி நச்சரித்தாள். நல்ல நாள் பார்த்துக் காட்டுகிறேன் என்று சாக்குச் சொல்லிவிட்டு, கருணாகரனிடம் வாயைத் திறந்தால் சீட்டுக் கிழியும் என்று எச்சரித்துவிட்டு, நேரே மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த கணேசமூர்த்தி ஆசாரியிடம் போனார். இதே மாதிரி ஒன்று, இருபத்திரண்டு கேரட்டில்.

கணேசமூர்த்தி பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா மொதலாளி, கவர்மெண்டு குட்த்த சாமான காப்பி எடுக்க சொல்றே. நகைன்னா நானு கண்ண மூடிக்கினு செய்வேன். இது நகை இல்ல. கோல்டு கண்ட்ரோல்காரன் கண்ணுல பட்டுச்சுன்னா உனுக்கு லைசென்ஸு போச்சு, எனுக்கு சோறு போச்சு."

அவர் சொன்னது சரிதான். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் கெடுபிடியாக இருந்த காலம். தாலி செய்யலாம், வளையல் செய்யலாம். நகை அல்லாத பொருளைத் தங்கத்தில் செய்தால் குற்றம். அண்ணாச்சிக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆசை வந்தால் தெரிந்ததெல்லாம் எங்கே நிற்கிறது? கெஞ்சிக் கூத்தாடி ஆசாரியைச் சம்மதிக்க வைத்தார்.

பதினொரு பவுனில் வந்து இறங்கியது தாமரை. ரிப்பனைக் கழற்றிப் புதியதில் மாட்டி, அதை வெல்வெட் பெட்டியில் வைத்துப் பங்கஜத்திடம் காட்டினார். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "கவர்மெண்டுன்னா கவர்மெண்டுதான். எம்புட்டு கனமா குடுத்திருக்காவ," என்றாள். அண்ணாச்சிக்கு உச்சி குளிர்ந்தது. டில்லியில் கொடுத்த அசலைத் துணியில் சுற்றி, பரணில் கிடந்த பழைய வெண்கலப் பானைக்குள் போட்டுவிட்டு மறந்து போனார்.

பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா ஏற்பாடாயிற்று. தலைமை ஆசிரியை நீரஜா வரவேற்புரை. தலைமை விருந்தினர் சங்கரன். இவர் கோல்டு கண்ட்ரோலில் பெரிய அதிகாரி. மயிலாப்பூர்வாசி, கை சுத்தம், வாய் மட்டும் நீளம். தி.நகர் நகைக்கடைக்காரர் விழாவுக்கு அந்த அதிகாரியைக் கூப்பிடாமல் இருக்க முடியுமா? எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு மாதத்துக்கு முன்பே அழைத்து வைத்திருந்தார்கள். எந்தப் பதக்கத்தைக் குத்திக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காரப் போகிறோம் என்று அண்ணாச்சி யோசித்ததாகவே தெரியவில்லை. முன்வரிசையில் கடை வாடிக்கையாளர்கள் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் யோசித்ததெல்லாம் அவர்களை மட்டும்தான்.

பட்டு ஜிப்பா மெல்லிசு. பதினொரு பவுனைத் தாங்க முடியாமல் இடது பக்கம் தொங்கிப் போய்க் கழுத்தே கோணலாக நின்றது. அண்ணாச்சி அடிக்கொரு தரம் தோளைத் தூக்கிச் சரி செய்துகொண்டார். பேச எழுந்த சங்கரன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மைக்கிலேயே கேட்டார்.

"அண்ணாச்சி, பதக்கம் ஜொலிக்கறதே. தங்கமோ?"

முன்வரிசை முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது. விஜயலக்ஷ்மி மாமி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஆமாம் என்றால் லைசென்ஸ் போகும், அரசாங்க விருதுக்குப் போலி செய்தவன் என்று பேப்பரில் வரும். இல்லை என்றால் நகைக்கடைக்காரன் வெண்கலம் போட்டிருக்கிறான் என்று ஊர் சிரிக்கும். அண்ணாச்சி தோளை இன்னொரு தரம் தூக்கிச் சரி செய்துகொண்டார்.

"வெண்கலம்தாங்க," என்றார். "டில்லியில வெண்கலத்துலதான் குடுத்தாவ."

"பேஷ். பார்த்தேளா இந்த மனுஷனை?" என்று சங்கரன் சபையைப் பார்த்தார். "தங்கத்துலயே புரள்றவர். ஆனாலும் தேசம் குடுத்த வெண்கலத்தை நெஞ்சுல வெச்சிண்டு, வெண்கலம்னு பகிரங்கமா சொல்றார். இது இரும்புப் பெட்டிக்குள்ள தூங்கப்படாது. இந்தப் பள்ளிக்கூடத்துலயே கண்ணாடி அலமாரியில இருக்கணும். குழந்தைகள் தினமும் பார்க்கணும். என்ன அண்ணாச்சி, சொல்லுங்கோ."

கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. நீரஜா டீச்சர் மேடையிலேயே பதக்கத்தைக் கழற்றினார். "வெயிட்டாத்தான் இருக்கு," என்றார். ஜிப்பா நிமிர்ந்தது, அண்ணாச்சி குனிந்தார்.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். இதில் என்ன பெரிய விஷயம்? பரணில் அசல் இருக்கிறது. ஏதாவது சாக்குச் சொல்லி அலமாரியைத் திறக்கச் சொல்லி, அசலை அங்கே வைத்துவிட்டுத் தங்கத்தை எடுத்து வந்தால் தீர்ந்தது. வெண்கலம் என்று சொன்னது அப்போது உண்மையாகவும் ஆகிவிடும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரணில் ஏறினார். பானையைக் காணோம்.

"அந்த ஓட்டைப் பானையா? பழைய பாத்திரக்காரன் வந்தான், போட்டுட்டேன்," என்றாள் பங்கஜம். "ரெண்டு எவர்சில்வர் தட்டு குடுத்தான். பானைக்குள்ள வட்டமா ஒரு வெண்கலத் துண்டு கெடந்துச்சு. ஆசாரி அச்சுக்கு வச்சிருந்தது போலன்னு அதையும் போட்டேன். அதுக்கு ஒரு டம்ளர் கூடத் தந்தான்."

அண்ணாச்சி ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். பதினொரு பவுன் போனது கூட அந்த நிமிஷம் நினைவுக்கு வரவில்லை. டில்லி மண்டபமும், கடித்துக்கொண்ட உதடும், நெஞ்சில் ஏறிய அந்தச் சின்னக் கனமும்தான் வந்தது. அதைக் கேவலம் என்று நினைத்துப் பானைக்குள் போட்டவன் நான்தானே என்று தன்னையே நொந்துகொண்டார். பங்கஜத்தை என்ன சொல்லித் திட்டுவது? தங்கம்தான் அசல் என்று அவளை நம்ப வைத்ததே அவர்தான். மறுநாள் முழுக்கப் பழைய பாத்திரக் கடைகளில் தேடி அலைந்தார். எல்லாம் எப்போதோ உருக்கப் போய்விட்டது என்றார்கள்.

வெண்கலத்தில் ஒரு நகல் செய்து தரச் சொல்லிக் கணேசமூர்த்தியிடம் போனார். "ஒரு தபா செஞ்சதுக்கே ராத்திரி தூக்கம் இல்ல மொதலாளி, ஆள வுடு," என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார் ஆசாரி.

வந்த வெள்ளிக்கிழமை வடபழனி கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தார். அங்கே பியூன் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புளியும் செங்கல் பொடியும் போட்டுப் பதக்கத்தைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தான். "வெண்கலம் இல்லியா அண்ணாச்சி, வாராவாரம் புளி போட்டாத்தான் பளபளன்னு கீது," என்றான். அண்ணாச்சிக்குத் தன் தோலையே தேய்ப்பது போல இருந்தது. அவன் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். இனிமேல் இதை நானே துடைக்கிறேன், ஒருவரும் தொட வேண்டாம் என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மெத்தென்ற மல் துணியோடு வந்து, பியூன் பக்கத்தில் நிற்க, துடைத்து வைத்துவிட்டுப் போனார்.

இதற்கு ஊர் வைத்த பெயர் எளிமை. எப்பேர்ப்பட்ட மனுஷன், தன் விருதைத் தானே துடைக்கிறார் என்று அடையாறு வரைக்கும் பேச்சு பரவியது. பத்திரிகையில் படம் கூட வந்தது. சில வருஷம் கழித்து, அவருக்குப் பத்மபூஷண் கொடுக்க வேண்டும் என்று பெரிய மனிதர்கள் கூடிச் சிபாரிசு செய்தார்கள். அதுவும் வெண்கலம்தான், எழுத்து மட்டும் பொன் நிறம் என்று தெரிந்ததும் அண்ணாச்சிக்கு ஏற்பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை. இந்தத் தடவை கிடைக்கிற வெண்கலத்தைக் கல்லாவில், எல்லோர் கண்ணிலும் படும்படி, அப்படியே குத்திக்கொண்டு உட்காருவது என்று வடபழனி முருகனிடம் வேண்டிக்கொண்டார். எழுபத்தேழில் டில்லியில் ஆட்சி மாறியது. புதிதாக வந்தவர்கள் இந்த விருதுகளே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள்.

செய்தி வந்த வார வெள்ளிக்கிழமை அண்ணாச்சி துணியோடு போனபோது, அலமாரிக்கு முன்னால் சங்கரன் நின்றுகொண்டிருந்தார். ரிட்டயராகி மூன்று மாதம் ஆகியிருந்தது. பேத்தியைப் பள்ளியில் சேர்க்க வந்தவர், பியூனைக் கையசைத்து அனுப்பிவிட்டார்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கப்படாது. வெண்கலம் ஜிப்பாவை அப்படி இழுக்காது. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

அண்ணாச்சி கையிலிருந்த துணி கீழே விழுந்தது. "அப்பறம் ஏன் விட்டீய?"

"கேஸ் போட்டிருந்தா பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்துன்னா அவமானம்? இத்தனை பொண்கள் படிக்கறா. அதான், நீங்க வெண்கலம்னு சொன்னதும் அதையே பிடிச்சுண்டேன்." சங்கரன் அலமாரியைக் காட்டினார். "இப்போ நானும் ரிட்டயர், விருதும் ரிட்டயர். நீங்க பட்டதெல்லாம் போறும். ஆத்துல இருக்கற அசலைக் கொண்டு வந்து இங்க வெச்சுட்டு, உங்க தங்கத்தை எடுத்துண்டு போங்கோ. யாரும் கேக்கமாட்டா."

ஐந்து வருஷமாக அண்ணாச்சி கேட்கக் காத்திருந்த வார்த்தை இது. அவர் குனிந்து துணியை எடுத்தார், உதறினார், கண்ணாடியை ஒரு மூலையிலிருந்து மெதுவாகத் துடைக்கத் தொடங்கினார். உள்ளே தாமரை பளபளத்தது.

"அசல் இங்க வராது சாமி. இதுவே இருக்கட்டும்," என்றார். "வீட்டுக்கு ஒரு நடை வாங்க. டில்லியில எனக்குக் குடுத்தது டம்ளராப் போச்சு, அதுலதான் தெனமும் காலையில காப்பி குடிக்குதேன். பங்கஜத்த அதுலயே உங்களுக்கும் தரச் சொல்லுதேன்."