மூன்று கோரும் ஒரு தும்மலும்

மதர்போட்டில் நீட்டிக்கொண்டு நின்ற இரண்டு முள்ளுகளிலும் என் மனைவி குணலட்சுமியின் கொண்டை ஊசியை முட்டப் பிடித்தபடி, நான் ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ணினேன். பக்கத் தகட்டைக் கழற்றிய கொம்பியூட்டர் சாப்பாட்டு மேசையில் குடலைக் காட்டிக்கொண்டு கிடந்தது. சில்லறைக் காசு அளவான அதன் பற்றரி சீனிப்போத்தல் மூடிக்குள் பத்திரமாக இருந்தது. பற்றரியைக் கழற்றி இந்த இரண்டு முள்ளுகளையும் தொடுத்தால், நான் காலையில் செய்த பாவங்கள் எல்லாவற்றையும் பெட்டி மறந்துவிடும் என்று யூரியூப்பில் ஒரு சுருட்டைத் தலைக்காரன் சொல்லியிருந்தான். மனுசருக்கு இந்த வசதி இல்லை. எனக்குப் பின்னால் நின்ற குணலட்சுமி ஒன்றையும் மறக்கிற மாதிரித் தெரியவில்லை.

"ஓடிக்கொண்டு இருந்ததையும் கெடுத்துப்போட்டியள். பத்தொன்பது நாள்தான் கிடக்கு."

"தெரியும். கொஞ்சம் தள்ளி நில்லும், வெளிச்சத்தை மறைக்கிறீர்."

"அது என்ரை நல்ல ஊசி."

பத்தொன்பது நாள் என்றது தனுஷிகாவின் சோதனைக்கு. நீர்வேலி வாழைத்தோட்டக்காரர் ஒருவரின் மகள். முப்பது வயது. பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. யாழ்ப்பாணத்தில் ஒரு அலுவலகத்தில் ரெலிபோன் ஒப்பரேற்றராக இருக்கிறாள். ஒருகாலத்தில் குணலட்சுமியின் வரலாற்று வகுப்பில் முன்வாங்கில் இருந்து, ரீச்சர் விட்ட பிழைகளையெல்லாம் எழும்பி நின்று திருத்தியவள். வெளிவாரிப் பட்டத்துக்கு அவளுக்கு ஒரேயொரு பாடம் மிச்சம், இலங்கை வரலாறு. இரண்டுதரம் வழுக்கிவிட்டது. மூன்றாந்தரமும் போனால் அதற்குமேல் விடமாட்டார்கள். ஏழு வருசப் படிப்பும் காற்றோடு போகும். குறிப்புகளோ யாரோ ஒரு விரிவுரையாளர் கைப்பட எழுதியதன் போட்டோக்கொப்பி. போனில் வாசித்துக் காட்டுகிற குரல் அச்செழுத்தை வாசிக்கும். இந்தக் கோழிக் கிறுக்கலைக் கண்டால் வாயை மூடிக்கொள்ளும். ஆகவே ரீச்சர் வாசிப்பது, நான் பதிவுசெய்து அனுப்புவது என்று ஏற்பாடு. பன்னிரண்டு பாடத்தில் மூன்று போய்ச் சேர்ந்திருந்தன.

குணலட்சுமிக்கு அந்த மூன்றிலும் திருப்தி இல்லை. தன் குரலுக்குப் பின்னால் காகம் கத்துகிறது, பாண்காரன் ஓட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறான், நான் இருக்கிறேன் என்று மூன்று குறை சொன்னாள். இப்படிச் சத்தங்களைத் துடைத்தெடுக்க ஒரு புரோகிராம் இருக்கிறது. ஆனால் நான் பழைய சாமான் வாங்கிப் பொருத்திய பெட்டியில், ஒரு பாடத்தைத் துடைக்க இரண்டு மணித்தியாலம் செல்லும். அதற்குள் மின்சாரம் ஒருதரம் கண்ணடிக்கும். திரும்பவும் முதலில் இருந்து தொடங்கவேண்டும். இந்தக் கணக்கில் போனால் என் திவசத்துக்குத்தான் பன்னிரண்டாம் பாடம் முடியும்.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த இரகசியம் தெரியவந்தது. என் புரொசெசரை இரண்டு கோர் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒரு கோர் என்றால் ஒரு மூளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தொழிற்சாலையில் நான்காகத்தான் செய்திருக்கிறார்கள்! நான்கு அறை வீட்டைக் கட்டி, இரண்டு அறையைப் பூட்டிவிட்டு, குறைந்த வாடகைக்குக் கொடுக்கிற மாதிரி. பூட்டிய அறை ஒழுகும் அறையாகவும் இருக்கலாம். ஆள் வராததால் சும்மா பூட்டிய நல்ல அறையாகவும் இருக்கலாம். பெட்டி கண் விழிக்கும்போதே ஒரு நீலப் பக்கத்தைத் திறந்து, அங்கே ஒரு சொல்லை மாற்றினால் பூட்டுக் கழன்றுவிடும். இதைக் கேட்ட பிறகும் என்னைச் சும்மா இருக்கச் சொல்வது, பக்கத்து வீட்டுக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் மதிலால் இந்தப் பக்கம் தொங்கும்போது சும்மா இருக்கச் சொல்வது மாதிரி.

முதல்தரம் நான் அந்தச் சொல்லை மட்டும் மாற்றவில்லை. பக்கத்தில் இரண்டு எண்கள் சும்மா கிடந்தன. அவற்றையும் கொஞ்சம் கூட்டிவிட்டேன். பெட்டி செத்துப்போனது. கொண்டை ஊசியும் இருபது எண்ணலும் முடிந்து, பற்றரியைத் திரும்பப் போட்டு சுவிச்சை அமத்தியபோது, 'பீப்' என்று அது போட்ட குரல் கொழும்புத்துறைக் கடற்கரைக்குக் கேட்டிருக்கும். இரண்டாந்தரம் எண்களைத் தொடாமல் பூட்டை மட்டும் திறந்தேன். திரையில் நான்கு கட்டங்கள் வந்தன. நான்கிலும் பச்சைக்கோடு நாகபாம்பு மாதிரி ஏறி இறங்கியது. நாலாம் பாடம் ஐம்பது நிமிசத்தில் துடைபட்டது. எங்கள் தொலைத்தொடர்புத் திணைக்கள ஓய்வூதியர்களின் வட்ஸ்அப் குழுவில், "இலங்கையிலேயே இதைச் செய்த முதல் எழுபத்தொரு வயதுக்காரன்" என்று படத்தோடு போட்டேன். குருநகர்க் கனிசியஸ் மட்டும், "அண்ணை, உம்மடை தலைக்குள்ளை பூட்டிக் கிடக்கிறதுகளை எப்ப திறக்கிறதாக எண்ணம்?" என்று கேட்டிருந்தான். பொறாமை.

மறுநாள் காலை தனுஷிகா போன் எடுத்தாள்.

"அங்கிள், உங்கடை வீட்டிலை பல்லி கூடிப்போச்சோ?"

"ஏன் பிள்ளை?"

"நாலாம் பாடம் முழுக்க ரிக், ரிக் எண்டு கேக்குது. பேரும் ஆண்டும் வாற இடத்திலை சரியா அதுக்கு மேலை ஏறி நிக்குது."

நான் காதில் ஹெட்போனை மாட்டி முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். ஒரு ரிக்கும் இல்லை. "எனக்கும் ஏதோ கேக்கிற மாதிரித்தான் கிடக்கு," என்றாள் குணலட்சுமி. அது உம்முடைய பல்லுக்கட்டு ஆடுகிற சத்தம் என்றேன். முப்பத்துநாலு வருசம் ரெலிபோன் நிலையத்தில் இருந்த காது என்னுடையது. கம்பியில் காகம் குந்தினால், யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே அது எந்த ஊர்க் காகம், காலையில் சாப்பிட்டதா இல்லையா என்று சொல்லக்கூடியவன். ஆகவே தனுஷிகாவுக்கு எடுத்து, பழுது உன்னுடைய போனில் என்று தீர்ப்புச் சொன்னேன்.

"போன் பழுதெண்டால் முதல் மூண்டு பாடத்திலையும் கேக்கவேணுமே, அங்கிள்," என்றாள் அவள், மிக மரியாதையாக.

என் முப்பத்துநாலு வருசச் சேவையும் அந்த ஒரு வசனத்தில் இரண்டாந்தரம் ஓய்வு பெற்றது.

பிறகு என் ஆராய்ச்சி தொடங்கியது. புதிதாகத் திறந்தவை மூன்றாவது கோரும் நான்காவது கோரும். அவற்றைத் தனித்தனியே பூட்டவும் திறக்கவும் முடியும். ஒரே பந்தியை மூன்றாவதை மட்டும் திறந்து ஒருதரம், நான்காவதை மட்டும் திறந்து ஒருதரம், இரண்டையும் பூட்டி ஒருதரம் துடைத்து, எது எதுவென்று சொல்லாமல் அவளுக்கு அனுப்பினேன். அவள் மதிய இடைவேளையில் கேட்டுவிட்டு, "ரெண்டாவதிலை மட்டும் பல்லி இருக்கு," என்றாள். அது நான்காவது கோர். தற்செயலாக இருக்கலாம் என்று, வரிசையை மாற்றி, ஒன்றையே இரண்டு இடத்தில் வைத்து அனுப்பினேன்.

"முதலாவதும் மூண்டாவதும் ஒண்டுதானே? என்னைச் சோதிக்கிறியளோ, அங்கிள்?"

"சீச்சீ. கை தவறிப் போச்சுது."

"கை தவறேல்லை. உங்கடை குரலிலையே தெரியுது."

இப்படி ஐந்து நாள். பெட்டிக்குச் சூடேறினால் பல்லி கூடுகிறது என்றும் அவள்தான் கண்டுபிடித்தாள். மேசைக் காற்றாடியைக் குடலுக்கு நேரே வைத்துப் பார்த்தேன். குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஒழுகும் அறை. நான்காவதைப் பூட்டினேன். மூன்று கோர் மிஞ்சியது. வாங்கியதைவிட ஒன்று கூட என்று குணலட்சுமிக்கு விளக்கினேன். அவள் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் விறாந்தையில் தனியே இருந்தபோது சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். யப்பான் மணிக்கூடு, சத்தமே போடாது என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் நான் காட்டுகிற மணிக்கூடு.

"இஞ்சரும், உது சத்தம் போடுதோ?"

"எது?"

"மணிக்கூடு."

குணலட்சுமி கண்ணாடியைக் கழற்றினாள். "போடுது. எந்த நாளும் போடுது."

"அப்ப எனக்குக் காது..."

"அது மூண்டு வருசமா எனக்குத் தெரியும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனான். உங்களுக்குக் கேக்கேல்லை."

சிரித்தாள். எழும்பி வந்து என் கதிரையின் வலப்பக்கம் இருந்த தன் கதிரையைத் தூக்கி இடப்பக்கம் போட்டுக்கொண்டு இருந்தாள். அந்தப் பக்கத்துக் காது கொஞ்சம் நல்லது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இதைக் குழுவில் போடவில்லை.

நாலாம், ஐந்தாம் பாடங்கள் மூன்று கோரில் துடைபட்டுப் போயின. குணலட்சுமியின் குரல் மட்டும், வெள்ளைச் சுவரில் எழுதியது மாதிரி. என் காதுக்கே அப்படிக் கேட்டதென்றால் பாருங்கள். தனுஷிகா அடுத்தநாள் எடுத்தாள். குணலட்சுமி கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"நல்ல துப்பரவு, அங்கிள். பல்லி இல்லை." "ஒண்டு கேட்டால் ரீச்சர் கோவிப்பாவோ?"

"கோவிக்கமாட்டா. கேள்."

"முதல் மூண்டும் மாதிரி அனுப்பேலாதோ? துடைக்காமல்?"

நான் குணலட்சுமியைப் பார்த்தேன். அவள் போனைப் பார்த்தாள்.

"இது காதுக்குள்ளை போகுது, ஆனால் நிக்குதில்லை. நாலு தரம் கேட்டிட்டன். எல்லா இடமும் ஒரேமாதிரிக் கிடக்கு, பிடிக்க ஒண்டும் இல்லை. முதலாம் பாடத்திலை பாண்காரன்ரை பாட்டு வரேக்கை ஆயிரத்து அறுநூற்றுப் பத்தொன்பது, போர்த்துக்கேயர். காகம் கரைஞ்சு ரீச்சர் 'சூ' எண்டு சொன்ன உடனை வரிப்பட்டியல். மூண்டாம் பாடத்திலை ஒல்லாந்தர் கோட்டையைப் பிடிக்க அங்கிள் தும்மினவர். ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்தெட்டு. அதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன். போன முறையும் எனக்கு ஆண்டுகள்தானே மாறினது."

போனை வைத்தேன். குணலட்சுமி கையெழுத்துத் தாள்களைத் தட்டி நேராக்கினாள்.

"ஆராவது அவளை ஒரு சொல்லுக் கேட்டமோ?" என்றாள். "துடைக்கவோ வேண்டாமோ எண்டு?"

பூட்டைத் திறந்து, பெட்டியைக் கொன்று, உயிர்ப்பித்து, பல்லி பிடித்து, ஆறு நாளைத் தின்றாயிற்று. சோதனைக்குப் பதின்மூன்று நாள். துடைக்காவிட்டால் மிச்சம் ஏழு பாடத்தையும் மூன்று நாளில் வாசித்துவிடலாம். உடனே தனுஷிகாவுக்கு எடுத்து, எந்த ஆண்டுக்கு என்ன சத்தம் வேண்டும் என்று பட்டியல் தரச் சொன்னேன். பீங்கான் உடைக்கவும் ஆயத்தம் என்றேன்.

"வேணுமெண்டு ஒண்டும் செய்யாதேங்கோ," என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "எனக்கு விளங்கிடும். தானா வரவேணும்."

அடுத்தநாள் காலை இரண்டு யன்னல்களையும் அகலத் திறந்தோம். தகடு கழற்றிய கொம்பியூட்டர், மூன்று மூளைக்கும் ஒரு வேலையும் இல்லாமல், பதிவுசெய்கிற சிவப்புப் பொட்டை மட்டும் காட்டிக்கொண்டு இருந்தது. மேசைக் காற்றாடி அதன் குடலுக்குள் ஊதி, ஆறு நாளாக நான் கிளறிய செம்புழுதியை என் முகத்துக்கு அனுப்பியது. குணலட்சுமி தாளில் விரலை வைத்து ஆறாம் பாடத்தை வாசிக்கத் தொடங்கினாள். ஆங்கிலேயர் வந்துகொண்டிருந்தார்கள். திருகோணமலை விழுந்தது. கப்பல்கள் வடக்கே திரும்பின. எனக்கு மூக்கின் அடியில் எங்கோ ஒரு புள்ளி எரியத் தொடங்கியது. கடவுள் சத்தியமாக, தானாக. அசையாமல் இருந்தேன். மூச்சையும் பிடித்துக்கொண்டேன். அது நெற்றிவரை ஏறியது. தெருவின் அந்தத் தொங்கலில் பாண்காரனின் பாட்டுப் போலவும் ஏதோ ஒன்று. என் காதை நம்பிச் சொல்லமுடியாது.

"யாழ்ப்பாணக் கோட்டை ஆங்கிலேயர் கையில் வீழ்ந்த ஆண்டு, ஆயிரத்து எழுநூற்று..."

குணலட்சுமி நிறுத்தினாள். என் முகத்தைக் கண்டுவிட்டாள். தாளில் இருந்த விரலை எடுக்காமல், மற்றக் கையை வகுப்பை அமைதிப்படுத்துகிற மாதிரி உயர்த்திப் பிடித்தபடி, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தாள். சிவப்புப் பொட்டு மின்னிக்கொண்டிருந்தது.