அழகம்மாவின் இரண்டு பிள்ளைகள்

அழகம்மாவின் புருஷனை வெட்டிக் கொன்றவன் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அடுத்த காம்பரா அறையில் குடியிருந்த இராமையா. பீலியடியில் தண்ணி பிடிக்கப் போன இடத்தில் வந்த சண்டை. இராமையாவைக் கண்டியில் தூக்கில் போட்டார்கள். அவன் பெண்சாதியும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். கைக்குழந்தை செல்லசாமி லயத்தில் கிடந்து கத்தியது. யாரும் தொடவில்லை. அழகம்மாதான் தூக்கி, தன் மகன் வீரய்யாவோடு சேர்த்துப் பால் கொடுத்தாள்.

"கொலகாரன் ரத்தம் அது. சும்மா இருக்காது" என்றார்கள்.

"எம்பால குடிச்சவன் எம்புள்ள" என்றாள் அவள்.

இரண்டு பேரும் ஒரே கம்பளியில் படுத்து வளர்ந்தார்கள். வீரய்யாவுக்கு மூக்கு நுனியில் கோபம். செல்லசாமி அதிர்ந்து பேசமாட்டான்.

அறுபத்தைந்தாம் வருஷம் இருவரும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்குப் போனார்கள். ஒருநாள் மலையில் கணேசமூர்த்தி என்பவன் செல்லசாமியைப் பார்த்து, "தூக்குல தொங்குனவன் மகன்தானே நீ" என்று சிரித்தான். செல்லசாமி செடியை வெட்டிக்கொண்டே இருந்தான். பக்கத்து நிரையில் நின்ற வீரய்யாதான் கத்தியோடு பாய்ந்தான். கணேசமூர்த்தியின் தோள் பிளந்தது. செல்லசாமி தன் சட்டையைக் கிழித்து அந்தக் காயத்தைக் கட்டினான்.

கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து ஓடிவந்த அழகம்மா, கையெல்லாம் ரத்தமாக நின்ற செல்லசாமியைப் பார்த்தாள்.

"பாவி, ஒங்கப்பன் புத்தியக் காட்டிட்டியேடா!"

"அவன் இல்லம்மா, நான்தான்" என்றான் வீரய்யா.

வீரய்யாவைப் பொலிஸ் கொண்டுபோனது. கணேசமூர்த்தி பிழைத்துக்கொண்டான். வழக்கில் வீரய்யாவுக்கு மறியல் தீர்ந்தது, சிறைக்குப் போனான்.

அவனைச் சிறையில் பார்த்துவிட்டு அழகம்மாவும் செல்லசாமியும் பஸ்ஸில் திரும்பினார்கள். அழகம்மாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"அன்னிக்கு என் வாயில அந்தப் பேச்சு எப்படி வந்துச்சுன்னே தெரியல சாமி."

செல்லசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஊரே சொல்லும்மா, எனக்குப் பழகிப்போச்சு. நீ சொல்லுவேன்னு நெனைக்கல."

வீரய்யா விடுதலையாகி வரும்வரை செல்லசாமி அவளை விட்டுப் போகவில்லை. விறகு கொண்டுவந்தான், அவளுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்தான். வீரய்யா வந்த மறுவாரம் செல்லசாமி கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை தேடிக்கொண்டான்.

"யாருக்கும் எங்கப்பனைத் தெரியாத எடமா இருந்தா நல்லதும்மா" என்றான்.

அழகம்மா தடுக்கவில்லை. ரோட்டு வளைவு வரை கூடவே நடந்துபோனாள்.