பெரிய எழுத்தில் ஒரு மூச்சு

லண்டன் லூயிஷாமில் ஒரு கோழிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சிறிய நிறுவனம் கணினி விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. ஆளில்லாத அடுக்குமாடிக் கட்டடம். இருட்டில் ஒருவன் மாடி மாடியாக ஏறிப் போகிறான். விளையாடுகிறவருக்கு அவன் முகம் தெரியாது, மூச்சு மட்டும் கேட்கும். அந்த மூச்சு நிசாந்தனுடையது. ஒலிப்பதிவெல்லாம் அவன் பொறுப்பில்தான் இருந்தது. பங்குனியில் ஒருநாள், வேலைக்கு வரும் வழியில், ரயில் மேடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் பிறகு எழும்பவில்லை.

அவன் போனபின்பும் மூச்சு போகவில்லை. சோதித்துப் பார்க்கிறவர்கள் விளையாட்டைத் திறந்தால் அறை முழுக்க அவன் ஏறிக்கொண்டிருப்பான். பக்கத்து மேசைக்காரியான பிரியந்திக்கு அப்போது கை ஓடாது. காதை எதையாவது மாட்டி மூடிக்கொள்வாள். மூடினாலும் கேட்பது போலவே இருக்கும்.

இந்த நிலையில்தான் முதலாளி அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார். எல்லோருடைய வேலையும் பதிப்பு பதிப்பாகச் சேர்ந்துகிடக்கும் களஞ்சியம் பெருத்துப்போயிருந்தது. புதிதாக வருகிறவர் அதை இறக்கி எடுக்க அரைநாள் போய்விடும். பெரிய ஒலிக்கோப்புகளை வேறொரு கிடங்குக்கு மாற்றிவிட்டு, அவை இருந்த இடத்தில் ‘இன்னது இன்ன இடத்தில்’ என்று சொல்லும் சின்னச் சீட்டை மட்டும் விட வேண்டும். எந்தக் கோப்பு போக வேண்டும் என்பதை விதியாக எழுதிக்கொடுத்தால் மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

பிரியந்தி எழுதினாள். ஒரு நட்சத்திரக் குறி, அதாவது எந்தப் பெயராக இருந்தாலும். அதன்பின் ஒரு புள்ளி, ஒலிக்கோப்புகளின் பெயர் முடிகிற அந்த மூன்று ஆங்கில எழுத்துகள். விதி ஓடி முடிந்தது. ஆனால் களஞ்சியம் அவள் நினைத்த அளவுக்கு இளைக்கவில்லை. என்ன மிஞ்சிக் கிடக்கிறது என்று தேடியபோது ஒரே ஒரு பென்னாம்பெரிய கோப்பு அகப்பட்டது. அதே மூன்று எழுத்துகள்தான், ஆனால் பெரிய எழுத்தில் இருந்தன. நிசாந்தன் கொண்டு திரிந்த ஒலிப்பதிவுக் கருவி அப்படித்தான் பெயர் வைக்கும். சின்ன எழுத்தைத் தேடிய விதி பெரிய எழுத்தைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விட்டது.

என்ன கோப்பு என்று தெரியாமல் மாற்றக் கூடாதென்று திறந்து கேட்டாள். வெட்டாத, திருத்தாத மூலப்பதிவு. லிஃப்ட் பழுதாகிக் கிடந்த தன் வீட்டுக் கட்டடத்தில் நிசாந்தன் உண்மையாகவே படி ஏறியிருக்கிறான். காலடிச் சத்தம், கம்பியைப் பிடிக்கிற சத்தம், மூச்சு. பாதி வழியில் எல்லாம் நின்றது. கனநேரம் ஒன்றுமில்லை. பிறகு அவன் குரல், தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி மெல்ல வந்தது.

“நெஞ்சு இறுக்குது. கொஞ்சம் நிண்டு போவம்.”

அதற்குப் பிறகும் ஏறியிருக்கிறான்.

அலுவலகத்தில் எல்லோரும் மெச்சிய அந்தக் களைப்பு நடிப்பில்லை என்பது பிரியந்திக்கு அப்போதுதான் விளங்கியது. அன்று அவள் அந்தக் கோப்பைத் தொடவில்லை. இதை அவன் மனைவிக்குச் சொல்லாமல் விடுவதா, சொல்லி இன்னொருமுறை கொல்வதா என்று கிடந்து உழன்றாள். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை வெஸ்ட் ஈலிங்கில் இருந்த அவன் வீட்டுக்குப் போனாள்.

அவன் மனைவி பெர்னடெற் தேநீரை ஆறவிட்டுவிட்டு பிரியந்தி சொன்னது முழுவதையும் கேட்டாள். அழவில்லை. தனக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லையென்றே அவன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தானாம். இந்த மூச்சு இப்போதும் விளையாட்டில் ஓடுகிறதா என்று கேட்டாள். பிரியந்தி ஓம் என்று தலையசைத்தாள்.

“மனிசன் களைச்சுப் போச்சு, பிரியந்தி. இனி ஆரும் அவரை ஏறவிடாதேங்கோ.”

விளையாட்டில் மூச்சை மாற்ற முதலாளி உடனே சம்மதித்தார். ஒலிப்பதிவுக்குப் புதிதாக வந்திருந்த ஜதுர்ஷிகா தன் மூச்சைப் பதிந்து கொடுத்துவிட்டு விடுமுறையில் போனாள். பிரியந்தி விதியில் பெரிய எழுத்தையும் சேர்த்தாள். பெர்னடெற்றுக்கு அந்த மூலப்பதிவில் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு, நிசாந்தனின் மூச்சை எல்லாப் பழைய பதிப்புகளிலிருந்தும் கிள்ளி எடுத்தாள். களஞ்சியத்தின் வரலாற்றையே திருப்பி எழுத வேண்டியிருந்தது. தங்கள் கணினியில் உள்ள பழைய பிரதியை அழித்துப் புதிதாக இறக்கும்படி எல்லோருக்கும் சொன்னாள். அறை அமைதியானது.

அந்த அமைதி நீடிக்கவில்லை. ஒரு மத்தியானம், சோதிக்கிறவரின் மேசையிலிருந்து அவன் மறுபடியும் ஏறத் தொடங்கினான்.

பிரியந்தி களஞ்சியத்தைத் திறந்தாள். மூச்சுக் கோப்புகள் எல்லாம் திரும்பி வந்திருந்தன. அனுப்பிய நேரம் அன்று காலை. அனுப்பியவர் பெயர் நிசாந்தன்.

எழுந்து போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். கீழே தெருச் சந்தைக்காரர்கள் விலை கூவிக்கொண்டிருந்தார்கள். ‘போதும் என்று சொன்னாலும் விட மாட்டாயா, நிசாந்தன்?’ என்று வாய்க்குள் சொன்னாள். சொன்னபின் வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. உள்ளே போக மனமில்லாமல் இருந்தவளைத் தேடி ஜதுர்ஷிகாதான் வந்தாள்.

“அக்கா, காலமை நான் அனுப்பினது வந்ததோ? லீவால வந்து இண்டைக்குத்தான் அனுப்பினனான்.”

பிரியந்தி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். எந்தக் கணினியிலிருந்து அனுப்பினாய் என்று கேட்டாள். நிசாந்தனுடைய பழைய கணினியைத்தான் முதலாளி ஜதுர்ஷிகாவுக்குக் கொடுத்திருந்தார். அதில் பழைய பிரதி அப்படியே இருந்தது. விடுமுறையில் போனவளுக்கு அதை அழிக்கச் சொன்ன செய்தி எட்டவில்லை. அவள் தன் வேலையை அனுப்பியபோது பழையதும் சேர்ந்து ஏறிவிட்டது. கணினிக்குள் வேலைசெய்கிறவரின் பெயரை மாற்றவும் யாருக்கும் தோன்றவில்லை.

இருவருமாகப் பழைய பிரதியை அழித்தார்கள். அந்தக் கோப்புகள் இனி யாரிடமிருந்து வந்தாலும் ஏற்க வேண்டாமென்று களஞ்சியத்தின் வாசலிலேயே பிரியந்தி இன்னொரு விதி எழுதினாள். கடைசியாகப் பெயர் இருந்தது. நிசாந்தன் என்ற எழுத்துகளை அழித்து ஜதுர்ஷிகா என்று எழுத வேண்டும். விசையில் விரலை வைத்துக்கொண்டு பிரியந்தி இருந்த இருப்பைப் பார்த்து, ஜதுர்ஷிகா தானே செய்யட்டுமா என்று கேட்டாள். வேண்டாமென்று பிரியந்தியே ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

சாயந்தரம் பெர்னடெற்றுக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னாள். அந்தப் பிரதியைக் கேட்கிறீர்களா என்று தயங்கித் தயங்கி விசாரித்தாள்.

“ஓம், கேக்கிறனான். ஆனா படி ஏற முந்தியுள்ள துண்டை மட்டும்தான். காலுக்குப் போடுற சப்பாத்தைத் தேடிக்காணாமல் என்னை ஏசுறார். அதோட நிப்பாட்டிப்போடுவன்.”