மாமியார் பேசிய துண்டு

...அதிலும் மச்சானின் கட்டைவிரல், எந்த வீடியோத் துண்டைத் திறந்தாலும் ஓரத்தில் அதுவும் ஒரு சொந்தக்காரர் மாதிரி வந்து நிற்கிறது, வெட்டினால் மாமனாரின் பாதி முகம் போகிறது, விட்டால் மாமனாரைவிட விரல் பெரிதாகத் தெரிகிறது, அப்பா அம்மாவின் கல்யாண நாளை வீடியோ எடு என்றால் இப்படியா எடுப்பான் ஒருவன்... எப்படியோ ஒட்டுப்போட்டு முடித்தாயிற்று. மாமனார் எல்லாவற்றிலும் கையை நீட்டி வேண்டாம் வேண்டாம் என்கிறார், மாமியார் எல்லாவற்றிலும் கண்ணை மூடியிருக்கிறார், இருவரும் ஒருசேர உருப்படியாகத் தெரிந்த ஒரே இடத்தை இவன் மெதுவாக ஓடவிட்டு ஜவ்வாக இழுத்திருந்தான். எல்லாவற்றையும் ஒரே படமாக்க எக்ஸ்போர்ட் கொடுத்தாகிவிட்டது, பச்சைக் கோடு நத்தையாக நகர்கிறது, சாயங்காலம் சொந்தபந்தம் எல்லாம் கூடத்தில் உட்கார்ந்து பார்க்கப்போகிறது, இனி இவன் செய்ய ஒன்றுமில்லை... ஒன்றுமே இல்லையா? அந்தச் சமையலறைத் துண்டு?

மச்சான் போனை நிறுத்த மறந்து அலமாரிமேல் வைத்துவிட்டுப் போனபோது தானாகப் பதிவானது அது. மாமியாரும் இவன் மனைவியும் பாத்திரம் துடைக்கிறார்கள், வெளிச்சம் அழகாக விழுந்திருந்தது, மாமியாருக்குக் கண்கூடத் திறந்திருந்தது, அதற்காகவே எடுத்துப் போட்டான், போட்ட பிறகுதான் பேச்சைக் கேட்டான். "உன் வீட்டுக்காரர்கிட்ட பேசறதும் சுவத்துகிட்ட பேசறதும் ஒண்ணுதான்டி." சுருக்கென்றது, மேலே கேட்காமல் அந்த இடத்திலேயே மிச்சத்தைக் கத்தரித்தான். ஆனால் சத்தத்தை அணைத்தானா? அணைத்தேன் என்கிறது கை, புத்தி சாட்சிக்கு வரமாட்டேன் என்கிறது... கூடம் நிறைய ஆட்கள், ஸ்பீக்கரில் சுவர், எல்லாத் தலையும் இவன் பக்கம் திரும்பும், மச்சான் விழுந்து விழுந்து சிரிப்பான். சுவராம்! போன தடவை மாமியார் வந்தபோது எவ்வளவு பேசினான், வாங்க என்றான், சாப்பிட்டீங்களா என்றான், பஸ் ஏற்றிவிடும்போது சரி என்றான்... அவ்வளவுதானா? வேறு ஏதோ சொன்னானே. இல்லை, அது கண்டக்டரிடம்.

பச்சைக் கோடு முடியப் போகும் நேரத்தில் எக்ஸ்போர்ட்டை நிறுத்தினான். சத்தம் அணைக்கப்படவில்லை, நல்லவேளை பார்த்தான். அணைக்கப் போனவனின் மவுஸ் துண்டின் நுனியைப் பிடித்து இழுத்துவிட, கத்தரித்த மிச்சமும் வெளியே வந்து ஓடியது. மாமியார் ஒரு தட்டைக் கவிழ்த்துவைத்தார். "ஆனா நல்ல சுவரு. சாஞ்சுக்கலாம். உங்கப்பா ஜன்னல் மாதிரி, காத்தும் வரும், மழையும் வரும்." மனைவி துணியைக் கீழே வைத்தாள், அம்மா பக்கம் திரும்பினாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள்... துண்டு அத்தோடு முடிந்துவிட்டது.

இது பாராட்டா, திட்டா? இதைச் சேர்ப்பதா, வேண்டாமா? யோசிக்கும்போதே மனைவி கதவருகில் வந்து நின்றாள். "முடிஞ்சிருச்சாங்க?"

உங்கம்மாவுக்கு நீ என்ன பதில் சொன்னே, இவ்வளவுதான் கேட்க வேண்டும், வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. "இன்னும் கொஞ்சம்" என்றான். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். திரையில் அவள் வாயைத் திறந்தபடியே உறைந்திருந்தாள். ஆமாம் என்றிருப்பாளோ, அப்படியெல்லாம் இல்லம்மா என்றிருப்பாளோ... இத்தனை வருஷம் கூட இருந்தும் ஒரு சொல்கூட ஊகிக்க முடியவில்லையே என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.