மடிப்புக்குள் இருந்த நிறம்

இன்னும் பன்னிரண்டு நாளில் ரேஷ்மா டாக்டர் பட்டத்துக்காக ஐந்து நடுவர்கள் முன்னால் நின்றாக வேண்டும். தேறினால் மூன்று வருட உழைப்புக்குப் பலன். தேறாவிட்டால் கோயம்புத்தூருக்கு எந்த முகத்தோடு போவது? அன்றைக்குக் கட்டுவதற்குப் புடவை எடுக்கத்தான் பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலுக்கு வந்தாள்.

அவளுடைய ஆராய்ச்சி ஒன்றும் மாயமந்திரம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள்மேல் லேசர் ஒளி பட்டால் அவை சூடேறும். அந்தச் சூட்டில் புற்றுநோய்ச் செல்களைப் பொசுக்கிவிடலாம் என்பது நம்பிக்கை. எவ்வளவு சூடு என்று பார்க்க அவ்வளவு பொடிப் பொருளுக்குள் எந்தத் தெர்மாமீட்டரை நுழைப்பது? அதனால் துகளைச் சுற்றி ஒளிரும் சாயம் கலப்பாள். சூடு ஏற ஏற அந்த ஒளி மங்கும். மங்கிய அளவை வைத்து வெப்பநிலையைச் சொல்லிவிடலாம். அவளுக்கு அறுபத்தெட்டு டிகிரி வந்திருந்தது. இருநூறு பக்க ஆய்வேடும் அந்த ஒரு எண்ணை நம்பித்தான் நின்றது.

கடைக்காரி கோசலை யாழ்ப்பாணத்துக்காரி. வாய் ஓயாது, ஆனால் பழுதான சரக்கை யார் தலையிலும் கட்டமாட்டாள்.

"அக்கா, வாசல் கண்ணாடிக்குள்ள பொம்மைக்குக் கட்டியிருக்கீங்களே, அந்த மயில்கழுத்துக் கலர்தான் வேணும்."

"ஐயோ, அதை விடுங்கோ தங்கச்சி. அது வெளிறிப்போச்சு. உள்ளுக்கை வேறை வடிவானது கிடக்கு."

"நல்லாத்தானே இருக்கு?"

கோசலை அலுத்துக்கொண்டே பொம்மையின் தோளிலிருந்த முந்தானையை விரித்துக் காட்டினாள். மடிப்புக்குள் இருந்த இடமெல்லாம் பளிச்சென்ற நீலப்பச்சை. வெளியே தெரிந்த இடமெல்லாம் சோகை பிடித்த வெளுப்பு. பட்டை பட்டையாக மாறி மாறி ஓடியது.

"சூட்டுல இப்படி ஆயிடுச்சா?"

"சூடோ? இந்த வித்ரீன் கண்ணாடிக்குள்ளை ஏது சூடு? மாரிக் குளிர் முழுக்க நானே கோட்டோடைதான் நிண்டனான். எல்லாம் உந்த லைற் செய்த வேலை."

ரேஷ்மா அந்தப் பட்டைகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். சூடே இல்லாமல், வெறும் வெளிச்சம் பட்டே சாயம் செத்திருக்கிறது. அவளுடைய சாயமும் அப்படித்தானே செத்திருக்கும்? பாடத்தில் படித்ததுதான். ஆனால் எதையும் வீணாக்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு, ஒரு முறை அளந்த சாயக் கரைசல் துளியைக் கழுவி ஊற்ற மனம் வந்ததில்லை. பக்கத்து மேசை அலெக்சிஸ் ஒவ்வோர் அளவுக்கும் புதுத் துளி எடுக்கும்போதெல்லாம் ஊதாரி என்று மனதுக்குள் திட்டியவள் அவள். ஒரே துளியை லேசரில் நாள்முழுக்க வாட்டிவிட்டு, அது மங்கியதை எல்லாம் சூட்டின் கணக்கில் சேர்த்திருந்தாள்.

புடவையை மறந்து, தன் பல்கலைக்கழகம் இருக்கும் புறநகரான சென் தெனிக்கு ரயில் பிடித்தாள். ஆய்வுக்கூடத்தில் அதேபோல் ஒரு துளியைச் சூடேற்றி, லேசரை அணைத்து, ஆறவிட்டாள். சூட்டால் மட்டும் மங்கியிருந்தால் ஆறியதும் ஒளி பழையபடி திரும்ப வேண்டும். பாதிகூடத் திரும்பவில்லை. ஒரு வாரம் புதுப்புதுத் துளிகளோடு மறுபடி அளந்தாள். நாற்பத்தொன்று. அது கடுங்காய்ச்சல்; புற்றுநோயைக் கொல்லும் சூடு இல்லை.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆய்வேட்டைப் படித்தவர்கள் ஏற்கெனவே பாராட்டி எழுதிவிட்டார்கள். இரண்டு நாள் அந்த எண்ணம் அவளை விடவே இல்லை. வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆனால் என்றோ ஒருநாள் ஒரு நோயாளியின் உடம்பில் அந்த அறுபத்தெட்டை நம்பி யாராவது லேசரைப் பிடிப்பார்களே என்று நினைத்ததும் அந்த எண்ணத்தை உதறினாள். நேரே நெறியாளர் ழான்-லூக்கிடம் போய்ச் சொன்னாள். அவர் புது அளவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"பட்டத்தை மறுத்தாலும் மறுப்பார்கள்."

"தெரியும்."

அன்று மாலையே கோசலையிடம் போய் நின்றாள். "அந்த வெளுத்த புடவையே குடுங்கக்கா."

"உங்களுக்கென்ன விசரோ? நான் அதை ஆருக்கும் விக்கமாட்டன்!"

"அப்ப சும்மா குடுங்க. என் பட்டத் தேர்வு அன்னிக்கு நீங்களும் வாங்க."

அந்த நாளில் ரேஷ்மா தன் பழைய எண்ணைத் திரையில் போட்டு, அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள். நடுவர்களின் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவை நீங்கள் ஏன் சந்தேகித்தீர்கள்?"

ரேஷ்மா தோளில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி முந்தானையை இரு கைகளாலும் விரித்துப் பிடித்தாள். நீலப்பச்சை, வெளுப்பு, நீலப்பச்சை, வெளுப்பு. கடைசி வரிசையில் கோசலை தலையில் கைவைத்துக்கொண்டாள். அவளுடைய கடைச் சரக்கின் மானம் இத்தனை பேர் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"அப்படியானால் உங்கள் துகள்கள் யாரையும் குணப்படுத்தாதா?"

"இப்போதைக்கு இல்லை" என்றாள் ரேஷ்மா.

நடுவர்கள் உள்ளே போய்ப் பேசிவிட்டு வர முக்கால் மணி நேரம் ஆனது. ஆய்வேட்டைத் திருத்தி எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு அவளை டாக்டர் என்று அழைத்தார்கள். பிரெஞ்சுப் பேச்சு முழுதாகப் பிடிபடாத கோசலை கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"தந்திட்டாங்களோ, பிள்ளை?"

"ஓம் அக்கா" என்று சொல்லி ரேஷ்மா அழுதாள். அந்த வெளுத்த முந்தானையிலேயே கோசலை அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.